கத்தாத வீட்டு இன்வர்ட்டர்

லூமினோசா மின் விநியோகக் கம்பெனிக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்நேரமும் கிடைக்கிற பொருளுக்கு மரியாதை கிடையாது என்பதே அது. மோக்கா ஊர் ஜனங்கள் மின்சாரத்தை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதற்காகக் கம்பெனி அதைத் தினந்தோறும் தவறாமல் நிறுத்திவந்தது. எப்போது நிறுத்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஜனங்கள் தயாராகிவிடுவார்கள், பிறகு மரியாதை எங்கிருந்து வரும்? ஆகையால் சொல்வதில்லை. கம்பெனி எதையும் யோசித்துத்தான் செய்யும்.

கயேனா தெருவில் நூரிஸ் தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தாள். சுருள்முடியை ரோலரில் சுற்றி, சூட்டுக் காற்றுக் காட்டி, தோளில் வழுக்கிக்கொண்டு விழும்படி நேராக்கித் தருவது அவள் தொழில். அந்த ஊரில் தலை சரியில்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று நாலு பேர் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், எதிர்வீட்டு மிலேடி தன் பெண்ணின் ஞானஸ்நானத்துக்குப் பாதித் தலை நேராகவும் பாதித் தலை புதராகவும் போய் நின்றாள் என்றால், அதற்குக் காரணம் பாதி வேலையில் கம்பெனி தன் கொள்கையைக் கடைப்பிடித்ததுதான். புகைப்படம் எடுத்தவன் ஒரு பக்கமாகவே நின்று எடுத்தான்.

மறுவாரமே நூரிஸ் கையிலிருந்ததையெல்லாம் துடைத்தெடுத்து ஒரு இன்வர்ட்டரும் நாலு பெரிய பேட்டரிகளும் வாங்கிவிட்டாள். பேட்டரிகளைச் சமையலறைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த ஊரில் நகையை வெளியே போட்டுக்கொண்டு போகலாம், பேட்டரியைப் பூட்டாமல் விட முடியாது. அவள் புருஷன் ராதமேஸ் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தான். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, முனைகளில் பூக்கும் பச்சையைத் துடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அதன்பிறகு கரண்டு போனால் கடையில் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கும், அவ்வளவுதான். முடி உலர்த்தும் இயந்திரம் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு தலைகளுக்கு ஊதினால் மட்டும் இன்வர்ட்டர் கழுத்தை நெரித்ததுபோலக் கத்தும்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, மின்கட்டணம் வரும்வரை. கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. தலைகால் புரியாமல் நூரிஸ் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே பின்கட்டில் ஒரு ஜெனரேட்டர் லாரிபோல உறுமிக்கொண்டிருந்தது. முன்கட்டில், "உங்கள் நம்பிக்கைக்குரிய ஒளி" என்று எழுதிய பலகையின் கீழ், நகத்துக்குச் சாயம் பூசிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"தோன்யா, உங்க வீட்டுல எத்தன பேரு?" என்று, அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லைப் போட்டு அன்பாகக் கேட்டாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

"தப்பு. அந்த இன்வர்ட்டரையும் ஒரு ஆளா எண்ணுங்க. கரண்டு வந்த நிமிஷத்துல இருந்து அது வாய வச்சுக் குடிக்கும். நாலு பேட்டரியும் வயிறு முட்டக் குடிக்கணும்ல? குடிச்சத அப்படியே திருப்பித் தருமா? கொஞ்சம் சூடாப் போயிடும், கொஞ்சம் 'ஙொய்'னு சத்தமாப் போயிடும். பத்து டம்ளர் குடிச்சா ஏழு டம்ளர் திரும்பி வரும். பில்லு பத்து டம்ளருக்கும்."

நூரிஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப, நீங்க கரண்டு குடுக்காத நேரத்துக்கும் நான் உங்களுக்குத்தான் காசு கட்டுறேன். அதுவும் குடுத்திருந்தா கட்டுறதவிட ஜாஸ்தியா."

"அட, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டீங்க! நிறையப் பேருக்கு மூணு தடவ சொல்லணும்." அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அது பில்லுல மேல இருக்கிற தொகை. கீழ சிவப்புல இருக்கு பாருங்க, அது வேற. மகிழ்ச்சி இழப்பீடு."

"அது என்னம்மா எழவு?"

"அது என் பிரிவு இல்ல. இன்ஜினியர் எவாஞ்சலிஸ்தா வீட்டுக்கே வந்து விளக்குவாரு. நல்ல மனுஷன். காபி குடுங்க."

எவாஞ்சலிஸ்தா வந்தார். இஸ்திரி போட்ட நீலச்சட்டை, மெலிந்த உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய காதுகள். காபியை வாங்கி உறிஞ்சிவிட்டு, அவர் தம் வேலையை விளக்கினார். எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் போனது, எப்போது வந்தது என்று அளக்கும் கருவி துணை மின்நிலையத்தில் பழுதாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஆனால் எதற்கும் கலங்காத கம்பெனி, கருவியைவிட நம்பகமான ஒன்றைக் கண்டுபிடித்தது. கரண்டு திரும்பி வந்ததும் தெரு முழுக்க ஒரே குரலில் "வந்துருச்சூ!" என்று கத்துகிறதே, அந்தக் கூச்சல்தான் அது. எவாஞ்சலிஸ்தா தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக் காதைக் கொடுப்பார். கூச்சல் பலம் என்றால் சேவை சிறப்பு.

"போன மாசம் முழுக்கக் கேட்டேன்" என்றார் அவர் வருத்தத்தோடு. "எல்லா வீடும் கத்துது. உங்க வீடு மட்டும் கப்சிப். எனக்கே மனசு வலிச்சுது, தோன்யா."

"எங்க வீட்டுல கரண்டு போகவே இல்லையே சாமி, எதுக்குக் கத்தணும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். கம்பெனி எவ்வளவு கஷ்டப்பட்டு இருட்டு அனுப்புது! ஆளு ஏறணும், இறங்கணும், கம்பத்துல மழை வெயில் பாக்காம நிக்கணும். அனுப்புன இருட்ட நீங்க வாங்கிக்கவே மாட்டேங்கிறீங்க. வாசல்லயே திருப்பி அனுப்புறீங்க. இருட்டு வாங்காதவனுக்கு வெளிச்சம் வந்தா மகிழ்ச்சி எப்படி வரும்? அந்த வராத மகிழ்ச்சிக்குத்தான் இழப்பீடு." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சுவிட்சர்லாந்துல ஒரு நிமிஷம் கரண்டு போகாதாம். அங்க யாராவது பல்பப் பாத்துக் கை தட்டுறானா? பக்கத்து வீட்டுக்காரனக் கட்டிப்பிடிக்கிறானா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். உலகத்துலயே ஒரு நாளைக்கு மூணு தடவ ஜனங்கள சந்தோஷப்படுத்துற கம்பெனி எங்களுதுதான்."

ராதமேஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இவ்வளவு நாளும் இந்தக் கோணத்தில் தான் யோசிக்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றாள் நூரிஸ்.

"ரொம்ப சுலபம். நீங்களும் கத்துங்க. கேட்டுக்கிட்டுத் தள்ளுபடி பண்ணிடுறேன்."

சுலபமாக இல்லை. மற்ற வீடுகளுக்கு வெளிச்சம் வருவது கண்ணுக்குத் தெரியும். நூரிஸ் வீட்டில் இன்வர்ட்டர் 'டிக்' என்று சொன்னால் போயிருக்கிறதா வந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் பிற்பகல் மிலேடியின் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தபோது 'டிக்' கேட்டது. நூரிஸ் சீப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, தொண்டை கிழிய "வந்துருச்சூ!" என்று கத்தினாள்.

கரண்டு வரவில்லை. மதியம் போன கரண்டு, தெரு தூங்கும்போது ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் மறுபடி போயிருந்தது. ஆனால் கத்தல் கேட்டபிறகு யார் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்? மதியத் தூக்கத்திலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் தெருவே எழுந்து ஓடியது. துவைக்கும் இயந்திரத்தில் துணியைத் திணித்தார்கள். மோட்டார் பம்பின் பித்தானை அமுக்கினார்கள். சட்டைகளை இஸ்திரிக்கு விரித்தார்கள். மளிகைக்கடைக் கீக்கோ, பீர் பெட்டிகளை வெயிலிலிருந்து தூக்கிக் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கினான். அடுக்கி முடித்துக் காதை வைத்துப் பார்த்தால் பெட்டி பிணம் மாதிரி கிடந்தது.

"ஏ நூரிஸக்கா! உனக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று அவன் கடைவாசலில் நின்று கூவினான். "முப்பது கிலோ பெட்டி, முதுகு போச்சு! இனிமே உன் சந்தோஷத்த வீட்டுக்குள்ளயே வச்சுக்க!"

அந்த மாதம் சிவப்பு எழுத்தில் புதிதாகப் போலி மகிழ்ச்சிக்கு அபராதம் வந்தது. நூரிஸ் புத்தி தெளிந்து, ராதமேஸைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். இன்வர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் அவன் கத்த வேண்டும். அவனும் கத்தினான். ஆனால் பஞ்சர் கடையில் ஆள் வந்து ஹாரன் அடித்தால் போய்விட்டு வருவான். தெருவெல்லாம் கத்தி ஓய்ந்து அடுத்த வேலையைப் பார்க்கும்போது, கொல்லையிலிருந்து தனியாக ஒரு ஆண்குரல் "வந்துருச்சூ!" என்று ஒலிக்கும். தாமதமான மகிழ்ச்சிக்குப் பாதித் தள்ளுபடிதான் உண்டு என்று எவாஞ்சலிஸ்தா கைவிரித்துவிட்டார்.

அதற்குள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் இன்வர்ட்டர் வாங்கிவிட்டார்கள். கூச்சல் மேலும் மெலிந்தது. தலைமை அலுவலகத்தில் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். கூச்சலின் சரிவு கம்பெனியின் கௌரவத்தைப் பாதிக்கிறது, ஆகவே டைரக்டர் தோன் ப்ருதென்சியோ நேரிலேயே வந்து கயேனா தெருவின் மகிழ்ச்சியைப் பரிசோதிப்பார் என்று முடிவாயிற்று. செய்தி சொல்ல எவாஞ்சலிஸ்தா வந்தபோது காபியைக்கூடத் தொடவில்லை.

"மேடை போட்டு விழா எடுக்கிறோம். டைரக்டர் பேசுவாரு. பேச்சு நடுவுல கரண்ட்ட நிறுத்தி, திருப்பி விடுவாரு. தெரு கத்தணும். கத்துச்சுன்னா உங்க அபராதம் எல்லாம் ரத்து. கத்தலன்னா…" அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "காரணமான இன்வர்ட்டர் கம்பெனி பாதுகாப்புக்குப் போயிடும். முதல்ல உங்களுது."

மற்றவர்களுக்கு இன்வர்ட்டர் என்றால் மின்விசிறி, தொலைக்காட்சி. நூரிஸுக்கு அது கடை. அது போனால் பாதித் தலையோடு எந்தப் பெண் அவளிடம் வருவாள்? அன்றைக்கு ராதமேஸ் வைத்த மசித்த வாழைக்காயும் வறுத்த சலாமி இறைச்சியும் தட்டிலேயே ஆறிப்போயின. பேட்டரிக் கூண்டின் மேல் கை வைத்துக்கொண்டு, நோயாளியின் பக்கத்தில் நிற்பதுபோல நின்றாள்.

கோபமாக இருந்தாலும் தெரு அவளைக் கைவிடவில்லை. "அவ கடைய மூடிட்டா எங்க தலைய யாரு பாப்பா?" என்று மிலேடி வீடு வீடாகப் போய்ப் பேசினாள். அது எல்லாப் பெண்களுக்கும் புரிந்தது, பெண்களுக்குப் புரிந்தது ஆண்களுக்கும் புரியவைக்கப்பட்டது. கீக்கோ முதுகில் மருந்துப் பட்டையோடு ஒத்திகைக்கு வந்தான்.

ஒத்திகையை எவாஞ்சலிஸ்தாவே நடத்தினார். கூச்சலில் அவருக்கு நுட்பமான காது. "பிச்சுப் பிச்சுக் கத்தாதீங்க. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி கத்துனா டைரக்டருக்குப் பிடிக்காது. வீட்டு விளக்கப் பாக்காதீங்க, ஃபிரிட்ஜு சத்தத்தக் கேக்காதீங்க. மேடைக்கு நடுவுல ஒரு பெரிய பல்பு தொங்கும். அத மட்டும் பாருங்க. அது அணையும், மூச்சப் பிடிங்க. அது எரியும், அப்பக் கத்துங்க. என்ன நடந்தாலும் அந்தப் பல்பு அணைஞ்சு எரியாம ஒரு பய வாயத் திறக்கக் கூடாது. திறந்தா நூரிஸ் அக்கா கடை போச்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" என்றது தெரு, ஒரே குரலில். அந்த ஒருமை அவருக்குக் கண்ணீர் வரவழைத்தது.

விழா நாளன்று மதியமே கரண்டு போய்விட்டது. மேடை கட்டினார்கள், கீக்கோ கடைக்கு எதிரில் கொடி கட்டினார்கள், மைக் வைத்தார்கள். பொழுது சாயத் தொடங்கியும் கரண்டு வரவில்லை. எவாஞ்சலிஸ்தா வியர்த்து வழிந்துகொண்டு நூரிஸ் வீட்டுக்குள் நுழைந்தார்.

"தோன்யா, டைரக்டர் கார் ஊருக்குள்ள வந்துருச்சு. மைக்கு செத்துக் கிடக்குது, மேடைல வெளிச்சம் இல்ல. உங்க இன்வர்ட்டர்ல ஒரு வயர் போட்டுக்கறேன்."

"உங்க ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கரண்ட்ட விடச் சொல்லுங்களேன், இன்ஜினியர்."

"எப்படி விடுறது? விழாவுக்காகத்தான் மதியத்துல இருந்து நிறுத்தி மிச்சம் பிடிச்சு வச்சிருக்கோம்."

நூரிஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ராதமேஸைக் கூப்பிட்டு வயரைப் போடச் சொன்னாள். மேடை விளக்குகளும் நடுப்பல்பும் பளிச்சென்று எரிந்தன. எந்த இன்வர்ட்டரைக் கொண்டுபோகலாம் என்று தீர்மானிக்க வந்தவர்களுக்கு அந்த இன்வர்ட்டரே மைக்கும் கொடுத்தது.

தோன் ப்ருதென்சியோ பருத்த மனிதர், வெள்ளை உடுப்பு. மைக்கைப் பிடித்ததும் முகம் மலர்ந்தது. "என் அன்புள்ள மகிழ்ச்சியாளர்களே!" என்று ஆரம்பித்தார். "எங்களை விமர்சிக்கிறவர்கள், இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம் கொடு என்கிறார்கள். கொடுப்பது கடினமா? இல்லை. மனம் வரவில்லை! தாய் குழந்தைக்கு இருபத்து நாலு மணி நேரமும் இனிப்புக் கொடுப்பாளா? குழந்தை அழ வேண்டும். அழுதபின் இனிப்பு. அப்போது ஒரு சிரிப்புச் சிரிக்குமே, அதுதான் லூமினோசா! இருட்டுக்கு நாங்கள் ஒரு பெசோகூட வாங்குவதில்லை. அதை இலவசமாகவே தருகிறோம். அப்படித் தருகிறபோது, சில வீடுகள் பேட்டரி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. இது விருந்தாளியின் முகத்தில் கதவைச் சாத்துவது அல்லவா?"

முன்வரிசையில் நூரிஸ் தலை குனிந்தாள். மேலே பல்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

"இப்போது பாருங்கள்!" தோன் ப்ருதென்சியோ கைபேசியை உயர்த்திப் பிடித்து ஆணையிட்டார். "நிறுத்து!"

தெரு மூச்சைப் பிடித்தது. பல்பு எரிந்தது. டைரக்டர் மறுபடியும் சொன்னார். பல்பு அசையவில்லை. கைபேசியிலிருந்து துணை மின்நிலையத்து ஆளின் குரல் மைக் வழியாக எல்லோருக்கும் கேட்டது: "நிறுத்திட்டேன் சார். முன்னாடியே நின்னுதான் கெடந்துச்சு. இருந்தாலும் நீங்க சொன்னீங்கன்னு அது மேலயே இன்னொரு தடவ நிறுத்திட்டேன்."

டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தொழில்நுட்பக் காரணங்களால் மின்சாரம் நிற்க மறுக்கிறது" என்று அறிவித்தார். கம்பெனி வரலாற்றில் அப்படி ஓர் அறிவிப்பு அதற்குமுன் வந்ததில்லை. "பரவாயில்லை. அடுத்த கட்டம். திருப்பி விடு!"

தெருவிலிருந்த அத்தனை வீடுகளிலும் விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜுகள் உறுமின. பம்புகள் தண்ணீர் இறைத்தன. கீக்கோ கடை ஒலிபெருக்கியிலிருந்து, மதியம் பாதியில் நின்ற பச்சாத்தா சோகப்பாட்டு மீதிக் கண்ணீரோடு வெடித்துக் கிளம்பியது. மற்ற நாளாயிருந்தால் ஊர் எல்லையிலிருக்கிற கோழிகள்கூட எழுந்திருக்கும். ஆனால் கயேனா தெரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஒரு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராதமேஸுக்கு அடக்க முடியவில்லை. வாய் தானாகவே திறந்தது. நூரிஸ் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஏய்யா, பல்பு இன்னும் அணையவே இல்ல. பொறு. என் கடைய ஒழிச்சிடாத."

எவாஞ்சலிஸ்தாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அந்தப் பல்பு யாருடைய வயரில் எரிகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேடைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார், வாயைத் திறந்து மூடிக் காட்டினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பல்பை மட்டும் பார்க்கச் சொன்னவர் அவர்தான்.

தோன் ப்ருதென்சியோ, வெளிச்சம் வழியும் வீடுகளைப் பார்த்தார். கல்மாதிரி நின்ற முகங்களைப் பார்த்தார்.

"வந்திருக்கிறதே!" என்றார் மெதுவாக. "மின்சாரம் வந்திருக்கிறதே… ஒரு சிரிப்புகூடவா இல்லை?"

யாரும் அசையவில்லை.

"கல்நெஞ்சுக்காரர்களே!" என்று வெடித்தார். "நான் உங்களுக்காக எத்தனை இரவு தூங்காமல் இருட்டு அனுப்பினேன்! இந்தத் தெரு மகிழ்ச்சிக்குத் தகுதியற்றது! இன்றோடு தீர்ந்தது. இனிமேல் இந்தத் தெருவுக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்கூட மின்சாரம் நிற்கக் கூடாது! பகல், இரவு, மழை, புயல், எப்போதும் எரியட்டும்! சுவிட்சர்லாந்துக்காரன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாகட்டும்! அந்தத் தலை அலங்காரக்காரியின் இன்வர்ட்டரும் அவளிடமே இருக்கட்டும். உபயோகிக்க வழியே இல்லாமல் தினமும் பார்த்துப் பார்த்து அழட்டும்!"

ஒரு கணம் தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் புரிந்தது நூரிஸுக்குத்தான். அவள் நெஞ்சுக்குள் ஒரு பெரிய சிரிப்பு பீறிட்டுக் கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. கீக்கோவின் முகத்திலும் மெல்ல ஒரு பல் தெரிய ஆரம்பித்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் தெருவே சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடும். நூரிஸ் இரண்டு கையாலும் தன் தலையைப் பிய்த்துக் கலைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் விழுந்தாள்.

"ஐயா! வேண்டாங்கய்யா! எங்கள இப்படித் தண்டிச்சிடாதீங்கய்யா! பிள்ளகுட்டிக்காரங்கய்யா நாங்க!"

மிலேடி அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், தானும் தலையை விரித்துப்போட்டு அலறினாள். தலை கலைந்த இரண்டு பெண்களைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தெரு கதறியது. கீக்கோ பீர் பெட்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். ராதமேஸ் மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான்.

"அழுங்கள்" என்றார் தோன் ப்ருதென்சியோ திருப்தியோடு. "இப்போது அழுது பயனில்லை."

எவாஞ்சலிஸ்தா மேடைக்கடியிலிருந்து குனிந்து வந்து நூரிஸின் காதில் சொன்னார்: "தோன்யா, நான் பக்கத்துத் தெருதான். எங்க தெருவுக்கும் கொழுப்பு ஜாஸ்தின்னு ரெண்டு வார்த்த போட்டுக் குடுங்களேன்."

கார் முனை திரும்பும்வரை அழுகை ஓயவில்லை. திரும்பியபிறகு கிளம்பிய கூச்சலைக் கேட்டு அடுத்த ஊரில் கரண்டு வந்துவிட்டது என்று நினைத்து மோட்டார் போட்டார்களாம்.

அன்றிலிருந்து கயேனா தெருவில் கரண்டு நின்றதில்லை. பேட்டரிகள் எப்போதாவது ஒரு வாய் குடிப்பதோடு சரி, நூரிஸின் கட்டணம் பழையபடி இறங்கிவிட்டது, சிவப்பு எழுத்து போன இடம் தெரியவில்லை. ஆனால் தண்டனைக்கும் ஒரு நடைமுறை உண்டல்லவா? வருஷத்துக்கு ஒருமுறை, தெரு மனம் திருந்திவிட்டதா என்று பரிசோதிக்கக் கம்பெனி ஆள் வருகிறார். திருந்தியிருந்தால் மன்னித்து, மறுபடி மகிழ்ச்சி வழங்கப்படும்.

அன்று ஒரு நாள் நூரிஸ் கடையைத் திறப்பதில்லை. தெருவில் ஒரு பெண்ணும் தலையில் சீப்பு வைப்பதில்லை. எல்லோரும் பரட்டைத் தலையும் தொங்கிய முகமுமாக வாசலில் வந்து நிற்பார்கள்.

"என்ன தோன்யா, இப்பவாவது திருந்தினீங்களா?" என்று கேட்பார் அந்த ஆள்.

"முயற்சி பண்றோம் சார்" என்று நூரிஸ் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "வரமாட்டேங்குது."